துறவி நண்டு: வீட்டு வாழிடத்தின் வரலாறு

துறவி நண்டு என்பது இறந்துபோன சங்கு, நத்தை ஆகியவற்றின் காலி ஓட்டைத் தன் வீடாகச் சுமந்து திரியும் பத்துக்காலி உயிரினம். பாடநூல்களில் முனிவர் நண்டு என்றும், பேச்சில் சங்கு நண்டு என்றும் இதைச் சொல்வதுண்டு. இவ்வகையில் கரையில் வாழும் சில இனங்கள் உலகின் பல நாடுகளில் செல்லப்பிராணிகளாக விற்கப்படுகின்றன. சிறியது, சத்தம் போடாது, குறைவாக உண்ணும் என்பதால் செலவில்லாத வளர்ப்புப் பிராணி என்ற பெயர் இதற்கு உண்டு.

அந்தப் பெயர் பாதி உண்மை. இந்த நண்டுக்கு என்ன வகையான உறைவிடம் தேவை என்பதை வளர்ப்போர் அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் ஏராளமான நண்டுகள் வறண்ட கூண்டுகளில் மெதுவாக இறந்தன. இன்று அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், நல்ல உறைவிடத்துக்குத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் மலிவாகவே கிடைக்கின்றன. மலிவாகக் கருதக்கூடாதவை இரண்டு: நண்டும், அது குடியேறும் ஓடும்.

பெயரும் தொடக்ககாலக் குறிப்புகளும்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே விலங்குகளைப் பற்றிய தம் நூலில் இந்த உயிரினத்தைக் குறித்துள்ளார். காலி ஓட்டுக்குள் இது புகுந்து வாழ்வதையும், வளர வளரப் பெரிய ஓட்டுக்கு இடம்பெயர்வதையும் அவர் அறிந்திருந்தார்.

கரையில் வாழும் துறவி நண்டுகளின் பேரினத்துக்கு 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் 'கோயனோபிட்டா' என்று பெயரிட்டார். இது மடத்தில் கூடி வாழும் துறவியைக் குறிக்கும் இலத்தீன் சொல். காட்டில் தனித்துத் தவம் செய்யும் முனிவருக்கு உரிய சொல் அல்ல. பெயர் பொருத்தமாகவே அமைந்தது. இந்த நண்டுகள் கூட்டமாக வாழ்பவை. ஓடு மாற்றுவதற்குக்கூடப் பிற நண்டுகளைச் சார்ந்திருப்பவை. கடலில் வாழும் மற்றொரு பேரினத்துக்கு, சாடிக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவஞானி டயோஜெனிசின் பெயரை அமெரிக்க விலங்கியலாளர் டேனா 1851-இல் சூட்டினார்.

கடல் இனமும் கரை இனமும்

துறவி நண்டு வகைகளில் மிகப் பெரும்பாலானவை கடலிலும் கழிமுகத்திலும் வாழ்பவை. டயோஜெனிஸ், கிளிபனேரியஸ் போன்ற பேரினங்களைச் சேர்ந்த இவை தமிழ்நாட்டுக் கரையோரத்தில், அலை வந்து போகும் இடங்களில் சாதாரணமாகத் தென்படும். இவை செவுளால் நீரில் சுவாசிப்பவை. கடற்கரைக்குச் சுற்றுலா செல்வோர் இவற்றைப் பொறுக்கி, பாட்டிலில் குழாய் நீர் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் இவை பிழைப்பதில்லை. இவற்றை வளர்க்க, நீரை முறையாகச் சுத்திகரிக்கும் கடல்நீர்த் தொட்டி வேண்டும். அது செலவு குறைந்த வேலை அல்ல.

கோயனோபிட்டா பேரினத்தில் ஏறக்குறைய 16 இனங்கள் உள்ளன. இவை முதிர்ந்த பின் கரையில் வாழ்பவை. ரூகோசஸ், கேவிப்பெஸ், பிரெவிமேனஸ் போன்ற இனங்கள் இந்தியப் பெருங்கடல் பகுதியில் பரவியுள்ளன. தென்னை மரம் ஏறும் பெரிய தேங்காய் நண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது முதிர்ந்தபின் ஓடு சுமப்பதில்லை. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், தேங்காய் நண்டைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

செல்லப்பிராணியாக விற்கப்படுபவை கோயனோபிட்டா இனங்களே. இக்கட்டுரையில் இனி வளர்ப்பு என்று சொல்லப்படுவது இவற்றையே குறிக்கும்.

சென்னை மாகாணத்தில் நண்டு ஆய்வு

தென்னிந்தியக் கரையின் நண்டு வகைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முறையாகப் பட்டியலிடப்பட்டன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜான் ஹெண்டர்சன், 1893-இல் இந்திய ஓட்டுடலிகளைப் பற்றிய விரிவான ஆய்வை இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் பதிப்பித்தார். மன்னார் வளைகுடாப் பகுதியில் எட்கர் தர்ஸ்டன் சேகரித்த மாதிரிகளும் அதில் இடம்பெற்றன. தர்ஸ்டன் அப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர்; பிற்காலத்தில் ஹெண்டர்சனும் அந்தப் பதவியை வகித்தார். 1905-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்த துறவி நண்டுகளுக்கு ஆல்காக் தனிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்.

1909-இல் சென்னை மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது என்று இது கருதப்படுகிறது. கடலில் இருப்பவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் இங்கிருந்தே வேரூன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இது மூடப்பட்டது. கடல் அருகிலேயே இருந்ததால் அங்கு நீருக்குப் பஞ்சமில்லை. கடலிலிருந்து விலகிய ஊர்களில் கடல் உயிரினத்தை வளர்ப்பது முற்றிலும் வேறு சிக்கல்.

கம்பிக் கூண்டின் காலம்

கரைத் துறவி நண்டு பெருவாரியான வணிகப் பொருளானது 1970-களில், அமெரிக்காவில். கரீபியன் கடல் பகுதியின் கிளிப்பியேட்டஸ் என்ற இனம் அங்கே கடற்கரைக் கடைகளிலும் வணிக வளாகங்களிலும் விற்கப்பட்டது. நண்டுடன் ஒரு சிறு கம்பிக் கூண்டு, அடியில் பரப்பக் கொஞ்சம் கூழாங்கல், நீரில் நனைத்த பஞ்சு ஒரு துண்டு. இவ்வளவே உறைவிடம். விற்பனைக்காக ஓடுகளின்மேல் வண்ணம் பூசிப் படம் வரைவதும் வழக்கமானது.

இந்தக் கூண்டில் நண்டு உடனே இறந்துவிடுவதில்லை. அதனால்தான் தவறு வெளியில் தெரியவில்லை. கரைத் துறவி நண்டின் செவுள்கள் ஈரம் இருக்கும்வரை காற்றிலிருந்து உயிர்வளியை எடுக்கும். ஓட்டுக்குள் சிறிது நீரைச் சேமித்து வைத்து அந்த ஈரத்தைக் காத்துக்கொள்ளும். கம்பிக் கூண்டின் வறண்ட காற்றில் அந்தச் சேமிப்பு மெல்லக் கரையும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து நண்டு இறக்கும்போது, அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நல்ல பராமரிப்பில் இது 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

ஆய்வுகள் சொன்னவை

வளர்ப்புக்கு அடிப்படையான உண்மைகள் ஆய்வாளர்களிடம் ஏற்கெனவே சேரத் தொடங்கியிருந்தன. 1962-இல் ப்ரொவென்சானோ, கிளிப்பியேட்டஸ் இனத்தின் இளவுயிரிகளை ஆய்வகத்தில் வளர்த்து அவற்றின் வளர்ச்சி நிலைகளை விவரித்தார். பெண் நண்டு முட்டைகளைக் கடலில் விடுகிறது. பொரிந்த குஞ்சுகள் நீரில் மிதந்தபடி பல முறை தோலுரித்து உருமாறுகின்றன. அதன்பின் மிகச் சிறிய ஓடு ஒன்றில் புகுந்து கரையேறுகின்றன. ஆகவே, கடல் இல்லாமல் இவற்றின் வாழ்க்கை முழுமை பெறாது.

1973-இல் தே வில்டே என்ற ஆய்வாளர் குராசோ தீவில் இதே இனத்தின் இனப்பெருக்கத்தையும் நீர்ப் பயன்பாட்டையும் ஆராய்ந்து வெளியிட்டார். உடலின் உப்புச் சமநிலையைக் காத்துக்கொள்ள நண்டு தன் ஓட்டுக்குள் இருக்கும் நீரின் உப்பளவைச் சரிசெய்கிறது என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவானது. நன்னீரும் உவர்நீரும் இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வளர்ப்பு முறைக்குள் வந்ததன் அடிப்படை இதுவே.

தோலுரிப்பு மற்றொரு பாடம். வளரும் நண்டு தன் புறவோட்டை உரித்துப் புதிதாக்க வேண்டும். அப்போது உடல் மிருதுவாகி, பிற நண்டுகளுக்கு எளிய இரையாகும். எனவே ஈரமணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு, அளவைப் பொறுத்து சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வெளியே வராது. கூழாங்கல் பரப்பிய கூண்டில் புதைய இடமில்லை. மணல் இருந்த தொட்டிகளிலும், நண்டு இறந்துவிட்டதென்று எண்ணித் தோண்டி எடுத்தே பலர் அதைக் கொன்றார்கள்.

இவற்றையெல்லாம் வளர்ப்போர் ஒன்றுசேர்த்துப் புரிந்துகொண்ட பிறகே கம்பிக் கூண்டு விலகி, மூடியிட்ட கண்ணாடித் தொட்டியும் ஆழமான ஈரமணலும் பரவலாயின.

ஓட்டுப் பஞ்சம்

துறவி நண்டு தன் ஓட்டைத் தானே உருவாக்குவதில்லை. நத்தையோ சங்கோ இறந்தால்தான் அதற்கு வீடு. அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடா தீவில், பெரிய நண்டுகளுக்கு ஓடு தந்துவந்த நத்தை இனம் அற்றுப்போனது. அங்குள்ள துறவி நண்டுகள், மலைச்சரிவுகளிலிருந்து அரித்து வெளிவரும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட புதைபடிவ ஓடுகளில் குடியேறி வாழ்ந்ததை ஸ்டீபன் ஜே கூல்ட் தம் கட்டுரை ஒன்றில் எழுதியுள்ளார்.

1988-இல் ஐவன் சேஸ் குழுவினர், ஒரு காலி ஓடு கிடைத்தால் என்ன நிகழ்கிறது என்று கடல் துறவி நண்டுகளில் ஆராய்ந்தனர். ஒரு நண்டு புதிய ஓட்டுக்கு மாறும். அது விட்ட ஓட்டில் அதைவிடச் சிறியது புகும். அது விட்டதில் இன்னும் சிறியது புகும். ஒரு ஓடு பல நண்டுகளுக்கு வீடு தருகிறது. இதை எதிர்ப்புறமாகப் பார்த்தால், கரையிலிருந்து ஒரு ஓட்டை எடுப்பது ஒரு வரிசையையே நிறுத்திவிடும்.

2012-இல் மார்க் லைட்ரே வெளியிட்ட ஆய்வுகள் இதை மேலும் விளக்கின. மத்திய அமெரிக்கக் கரையின் கரைத் துறவி நண்டுகள் ஓட்டின் உட்புறத்தைத் தேய்த்து அகலப்படுத்துகின்றன. அப்படிப் பண்படுத்தப்பட்ட ஓடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. முதிர்ந்த நண்டுகள் புதிய ஓட்டைவிட அந்தப் பழைய ஓட்டையே நம்பியிருக்கின்றன.

ஓடு குறையும் கரைகளில் இன்று குப்பை நிறைகிறது. இணையத்தில் பதிவான படங்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஒரு கட்டுரை, ஓட்டுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருள்களைச் சுமக்கும் 386 துறவி நண்டுகளைக் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை சுமந்தவை பிளாஸ்டிக் மூடிகள்.

இந்தியாவில் இந்தச் சிக்கலுக்குச் சட்டப் பக்கமும் உண்டு. இராமேசுவரம், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் சங்கும் சிப்பியும் நினைவுப்பொருளாக விற்கப்படுகின்றன. 2001-இல் டர்போ மார்மோரேட்டஸ், டிரோக்கஸ் நிலோட்டிகஸ் உள்ளிட்ட சில மெல்லுடலி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் உயிரினங்களைச் சேகரிக்கத் தடை உள்ளது.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு தொட்டி

கடலிலிருந்து விலகிய ஊரில் இந்த நண்டுக்கு என்ன தேவைப்படும் என்பதற்கு மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தென்பெண்ணை ஆற்றங்கரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே அமைந்த ஊர் இது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் அறியப்படுவது. 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. கரும்பும் நெல்லும் விளையும் இந்த மருத நிலத்துக்கு உரியது வயல் நண்டு. அதன் குஞ்சுகள் முட்டையிலிருந்தே முழு நண்டு வடிவில் வெளிவருவதால் அதற்குக் கடல் தேவையில்லை. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் நண்டைப் பாடும் 'கள்வன் பத்து' இடம்பெற்றிருப்பதும் இந்த நிலத்தோடு நண்டுக்கு உள்ள உறவைக் காட்டும். துறவி நண்டோ நெய்தல் நிலத்துக்கு உரியது. மருதத்தில் அதை வாழவைக்க வேண்டுமானால் நெய்தலின் ஈரம், உப்பு, மணல் மூன்றையும் ஒரு தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும்.

தொட்டி: 40 லிட்டர் அளவுள்ள பழைய மீன் தொட்டி இரண்டு மூன்று சிறு நண்டுகளுக்குப் போதும். அதில் நீர் நிரப்பப் போவதில்லை என்பதால், கசிகிறது என்று ஒதுக்கப்பட்ட தொட்டியும் பயன்படும். சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் புதிய தொட்டிகளும் கிடைக்கின்றன. மேலே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்துச் சிறு இடைவெளி விட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்குவது வீண் செலவாகாது.

மணல்: நன்கு கழுவிய ஆற்று மணல் ஐந்து பங்குக்குத் தென்னை நார்க்கழிவுத் தூள் ஒரு பங்கு. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் துகள்கள் கூரானவை. தோலுரிக்கும் நண்டுக்கு அது பொருந்தாது. பொள்ளாச்சிப் பகுதியில் பெருமளவில் தயாராகும் நார்த்தூள் கட்டிகள் நாற்றங்கால் கடைகளில் கிடைக்கும். அதில் உப்பும் சாயமும் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும்.

வெப்பம்: 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் ஏற்றது. குளிர்நாடுகளில் பெரிய செலவாக இருக்கும் சூடேற்றும் கருவி இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. மாறாக, 38 டிகிரியைத் தாண்டும் கோடை நாள்களே ஆபத்து. வெயில் படாத, தரைக்கு அருகிலுள்ள குளிர்ந்த மூலையில் தொட்டியை வைக்க வேண்டும். மூடிய கண்ணாடித் தொட்டி வெயிலில் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

நீர்: நன்னீருக்கு ஒன்று, உவர்நீருக்கு ஒன்று என இரு கிண்ணங்கள், நண்டு முழுவதும் நனையும் ஆழத்தில் வேண்டும். ஏறி வெளிவரக் கல் ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும். ஊராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், ஒரு நாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்தலாம். உவர்நீருக்குச் சமையல் உப்பு ஆகாது. மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் விளையும் கல் உப்பும் கடல்நீருக்கு ஈடாகாது. உப்பளத்தில் சாதாரண உப்பு முதலில் படிய, மக்னீசியம் போன்ற தாதுக்கள் எஞ்சிய நீரோடு வடிக்கப்பட்டுவிடும். மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைப்பதே சரி. தேவைப்படும் நீர் மிகக் குறைவு என்பதால் சிறு பொட்டலம் நீண்ட நாள் வரும். தென்பெண்ணை கடலில் கலக்கும் கடலூர்ப் பக்கம் போய்வருவோர், கழிவு சேராத இடத்துக் கடல்நீரை வடிகட்டிக் கொண்டுவந்தும் பயன்படுத்தலாம்.

மற்றவை: ஒளிந்துகொள்ள உடைந்த கொட்டாங்குச்சி, ஏறி விளையாடக் காய்ந்த கிளை, தின்னத் தேங்காய், பழம், காய்ந்த இலை, உப்பிடாத சிறு மீன். செம்பு நண்டினத்துக்கு நஞ்சு. ஆகவே செம்புப் பாத்திரத்தில் நீர் வைக்கக்கூடாது. கொசுவத்தி, பூச்சி மருந்து ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளும் நண்டினத்தைக் கொல்லும். வீட்டில் இவற்றைப் பயன்படுத்துவோர் நண்டு வளர்க்காமல் இருப்பதே நல்லது.

வந்தேறி நத்தையின் ஓடு

ஒவ்வொரு நண்டுக்கும் அதன் தற்போதைய ஓட்டைவிடச் சற்றுப் பெரியதாகவும் சற்றுச் சிறியதாகவும் மூன்று நான்கு காலி ஓடுகள் தொட்டியில் இருக்க வேண்டும். இல்லையெனில் ஒன்றின் ஓட்டைப் பறிக்க மற்றொன்று சண்டையிடும். வண்ணம் பூசிய ஓடுகளைத் தவிர்க்க வேண்டும். உரியும் வண்ணத்தை நண்டு தின்றுவிடும்.

கடற்கரையைத் தொடாமல் ஓடு பெற ஒரு வழி உண்டு. ஆப்பிரிக்கப் பெருநத்தையை 1847-இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டவர் வில்லியம் பென்சன் என்ற சங்கு ஆர்வலர். பின்னர் அது நாடெங்கும் பரவிப் பயிர்களை அழிக்கும் பூச்சியாக மாறியது. தமிழ்நாட்டின் பல தோட்டங்களில் மழைக்காலத்தில் இதை உழவர்கள் வாளி வாளியாகப் பொறுக்கி அழிக்கிறார்கள். பசிபிக், இந்தியப் பெருங்கடல் தீவுகள் பலவற்றில் கரைத் துறவி நண்டுகள் இந்த நத்தையின் காலி ஓட்டை விரும்பி அணிவது பதிவாகியுள்ளது. கடல் சங்கைவிட இது மெலிது என்றாலும், எடுப்பதால் எந்தக் கரைக்கும் இழப்பில்லை. இந்த நத்தை மனிதருக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழுவைச் சுமக்கக்கூடியது. எனவே கையுறை அணிந்து எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்த பின்னரே ஓட்டைப் பயன்படுத்த வேண்டும்.

நண்டு எங்கிருந்து வருகிறது?

பழைய தொட்டி, கழுவிய மணல், நார்த்தூள், கொட்டாங்குச்சி, நத்தை ஓடு என உறைவிடத்தின் செலவு குறைந்துகொண்டே போகும். நண்டின் கணக்கு மட்டும் அப்படி இல்லை. குஞ்சுகளுக்குக் கடல்நீரில் பல வாரங்கள் நுட்பமான பராமரிப்பு வேண்டியிருப்பதால் வளர்ப்பு இனப்பெருக்கம் அரிது. சப்பானில் ஹமசாகி குழுவினர் பல கோயனோபிட்டா இனங்களின் குஞ்சுகளை ஆய்வகத்தில் வளர்த்துள்ளனர். வேறு நாடுகளில் ஆர்வலர்கள் சிலரும் வெற்றி கண்டுள்ளனர். ஆனால் சந்தையில் விற்பவை ஏறக்குறைய அனைத்தும் கரையில் பிடிக்கப்பட்டவையே. சப்பான் அரசு 1970-லேயே கரைத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அங்கே உரிமம் பெற்றோர் மட்டுமே அவற்றைப் பிடித்து விற்க முடியும்.

ஆகவே கடையில் புதிய நண்டு வாங்குவது, கரையிலிருந்து இன்னொன்றைப் பிடிக்கச் சொல்வதற்குச் சமம். வளர்க்க முடியாமல் ஒருவர் கைவிடும் நண்டை ஏற்றுக்கொள்வது அந்த இழப்பைக் கூட்டாத வழி. எங்கோ தொலைவில் பிடிக்கப்பட்டதை வேறொரு கடற்கரையில் விடுவதும் சரியல்ல. அயல் இனத்தையும் நோயையும் அது பரப்பக்கூடும். தோலுரிக்க மணலும், ஈரக்காற்றும், இருவகை நீரும், மாற்று ஓடும், உடன் வாழ இன்னொரு நண்டும் அமைந்த தொட்டியில், வீட்டுக்கு வந்துவிட்ட நண்டு அந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்து பெரியவராகும்வரை உடனிருக்கும். அவ்வளவு நீண்ட பொறுப்பை ஏற்க இயலாதோர், கடற்கரைக்குச் செல்லும்போது அதை அங்கேயே பார்த்துவிட்டு, கையிலெடுத்த ஓட்டையும் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.